மஹாபொல: பன்னிரண்டு மாதம், பத்துத் தவணை

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ பிள்ளை தெரிவானதும் வீட்டில் சந்தோஷத்தோடு சேர்ந்து கணக்கும் தொடங்கிவிடுகிறது. அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அறை வாடகை, சாப்பாடு, பஸ், போட்டோக்கொப்பி என்று காசு கரையும். அதற்குக் கைகொடுக்கத்தான் மஹாபொல புலமைப்பரிசில்.

1981இல் அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்த நிதியம் இது. லொத்தர் வருமானத்திலும் ஒரு பங்கு இதற்குப் போகிறது. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் லொத்தர் வாங்கி ஏமாறுகிறவர், தம்மை அறியாமலே யாரோ ஒரு பிள்ளையின் சோற்றுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்.

5,000 ரூபாவாக இருந்த தவணையை 2025 வரவுசெலவுத் திட்டம் 7,500 ஆக்கியது. மஹாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான பர்சரி 4,000இலிருந்து 6,500க்கு உயர்ந்தது. ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. இரண்டுமே கடன் அல்ல; திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

பலர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ஆண்டுக்குப் பத்துத் தவணைதான். ஆகவே 7,500 கணக்கில் வருடத்துக்கு 90,000 அல்ல, 75,000. மாதத்துக்குப் பிரித்தால் 6,250. முதலாம் வருடத்தில் பெயர்ப்பட்டியல் வந்து, காசு வங்கிக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பிறகு நிலுவையெல்லாம் மொத்தமாக வரும். கடன் பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

எனக்குத் தெரிந்த திருக்கோவில் மாணவி ஒருத்தி, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து செங்கலடியில் அறைக்கு முற்பணம் கட்டினாள். மாலையில் மூன்று வீடுகளுக்குப் போய் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். களைப்பில் காலை விரிவுரைகள் தவறின. 80 சதவீத வரவு இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்களே என்ற பயம் வேறு. நிலுவை வந்த வாரமே சங்கிலியை மீட்டாள், இரண்டு வீடுகளை நிறுத்தினாள். மூன்றாவது வீட்டை விடவில்லை. அங்கே இரவுச் சாப்பாடும் தருகிறார்கள். உதவிப் பணம் வேலையை முழுதாக நிறுத்திவிடாது. எதை விடலாம் என்று தெரிவு செய்ய இடம் தரும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் என்பேன்.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியது வருமானச் சான்று. கிராம உத்தியோகத்தரிடம் பெற்று, பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். வயலோ கடலோ பார்க்கும் குடும்பங்கள், நல்ல மாதத்து வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லிவிடக்கூடாது. பெரும்போக அறுவடைக் காசு வருடம் முழுவதற்குமானது. உரம், கூலி, உழவுச் செலவு கழித்துச் சொல்லுங்கள். படிக்கும் தம்பி தங்கைகளின் விபரத்தையும் விடாதீர்கள்.

2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கல்விக் கடன் வேறு. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள், அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் படிப்பதற்கானது அது. வட்டியை அரசு கட்டும். வாங்கிய கடன் தொகையை மாணவர்தான் கட்ட வேண்டும். பெயரில் ‘வட்டியில்லா’ என்று இருப்பதைக் கண்டு மஹாபொலவைப் போல இதுவும் இலவசம் என்று நினைத்துவிட்டு, மாமாவைப் பிணை நிற்கக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போகாதீர்கள்.