நொடிகளை எண்ணும் பெட்டி

விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் மோதல் எச்சரிக்கை ஒலித்தது, பயணிகள் நூலிழையில் தப்பினார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. ராடாரில் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் தூங்கிவிட்டாரா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் தன் வேலையைத் துளியும் பிசகாமல் செய்திருந்தாலும் அந்த எச்சரிக்கை வரலாம். அது எப்படி என்பதுதான் சுவாரசியம்.

விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாட்டாளர் காக்கும் இடைவெளி பொதுவாகப் பக்கவாட்டில் 3 கடல் மைல், அல்லது உயரத்தில் 1000 அடி. இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இறங்க வருபவை மேலே குறுக்கே போவதால், கிளம்பும் விமானத்தை முதலில் ஒரு குறைந்த உயரத்தில் நிறுத்திவைப்பார்கள்.

மோதலைத் தவிர்க்க விமானத்துக்குள் வைத்திருக்கும் டிகாஸ் (TCAS) கருவிக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. அது தரையை நம்புவதே இல்லை. 1030 மெகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து விமானங்களைக் கேள்வி கேட்கும். அவற்றின் டிரான்ஸ்பாண்டர்கள், அதாவது கேள்வி வந்ததும் தாமாகப் பதில் சொல்லும் ரேடியோ கருவிகள், 1090 மெகாஹெர்ட்ஸில் தம் உயரத்தைப் பதிலாக அனுப்பும். பதில் வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கிறது.

இனிதான் அழகு. அந்தத் தூரத்தை வைத்து மட்டும் டிகாஸ் பயப்படுவதில்லை. தூரத்தை, அது குறையும் வேகத்தால் வகுக்கிறது. கிடைப்பது நொடிக்கணக்கு, டௌ என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பார்கள். 10 கடல் மைல் தள்ளி எதிரெதிரே வரும் இரு விமானங்கள் மணிக்கு 1200 கடல் மைல் வேகத்தில் நெருங்கினால் மிச்சம் 30 நொடி. அதே 10 மைல் பின்னால் ஒன்று 60 கடல் மைல் மட்டும் கூடுதல் வேகத்தில் வந்தால் 10 நிமிடம். மற்றவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்றுகூட இந்தக் கணக்குக்குத் தெரிய வேண்டாம். நல்லவேளை, ஏனென்றால் டிகாஸ் ஆன்டெனாவின் திசைக்கணிப்பு சுமார்தான். அதனால்தான் அது ‘இடப்பக்கம் திரும்பு’ என்று சொல்வதே இல்லை. ஏறு, இறங்கு என்பதோடு சரி. 1950களில் பிறந்த இந்த யோசனை அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் கட்டாயமானது 1990களில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் இதற்குப் பணம் ஒதுக்கியவர்களிடம் யாராவது லாபக்கணக்கு கேட்டிருந்தால் காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

உயரத்துக்கும் இதேபோல் தனியாக ஒரு நொடிக்கணக்கு உண்டு. இரண்டுமே எல்லைக்குள் வந்தால்தான் கட்டளை பிறக்கும். அந்த எல்லை உயரத்தோடு மாறும்: தரையிலிருந்து சுமார் 1000 அடிவரை கட்டளையே கிடையாது, ‘ட்ராஃபிக், ட்ராஃபிக்’ என்ற முன்னறிவிப்பு மட்டும், அதற்குமேல் முதலில் 15 நொடி, 5000 முதல் 10,000 அடிவரை 25 நொடி, 20,000 அடியைத் தாண்டினால் 35 நொடி.

இப்போது, கிளம்பிய விமானம் ஒன்று 7000 அடியில் நிற்க அனுமதி பெற்று, நிமிடத்துக்கு 3000 அடி வீதம் ஏறுகிறது. நேர்மேலே 8000 அடியில் இன்னொன்று குறுக்கே வருகிறது. எல்லாம் சட்டப்படி. ஆனால் நிமிடத்துக்கு 3000 என்றால் நொடிக்கு 50 அடி. 6750 அடியை எட்டும்போது மேலே இருப்பதற்கு 1250 அடி பாக்கி, அதாவது 25 நொடி. விமானி 7000-இல் நிற்கப்போகிறார் என்பது டிகாஸுக்குத் தெரியாதே! அதற்குள் பக்கவாட்டுக் கணக்கும் சுருங்கியிருந்தால், அலறிவிடும். அது சொல்வதும் பெரும்பாலும் ‘லெவல் ஆஃப், லெவல் ஆஃப்’, விமானி எப்படியும் செய்யவிருந்ததைத்தான்.

நிவாரணம் எளிது. பக்கத்து உயரத்தில் யாராவது இருப்பது தெரிந்தால், கடைசி 1000 அடியில் ஏறும் வேகத்தை நிமிடத்துக்கு 1500 அடிக்குக் கீழே குறைக்கச் சொல்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. நொடிக்கு 25 அடி என்றாகிவிட்டால் மேலே இருப்பதோடு இடைவெளி 625 அடியாகக் குறைந்தால்தான் எல்லை வரும். விமானம் அவ்வளவு நெருங்கப்போவதே இல்லை. இப்படி வேகத்தைக் குறைத்து அலறலே இல்லாமல் கடந்துபோகும் விமானி எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

அதற்காக, இது வெற்று அலறல் என்று விமானி தானே தீர்ப்பு சொல்லிக்கொள்ளக் கூடாது. முதல் கட்டளைக்கு 5 நொடிக்குள் விமானம் அசைய வேண்டும் என்றே கணக்கு போட்டிருக்கிறார்கள். ‘டிகாஸ் ஆர்ஏ’, அதாவது டிகாஸ் கட்டளை வந்துவிட்டது, என்று விமானி சொன்னதும் கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் பாதையை மாற்றும் கட்டளைகளை நிறுத்திவிட வேண்டும். இரு கருவிகளும் தமக்குள் பேசி, ஒன்று ஏற, மற்றது இறங்க என்று பிரித்துக்கொள்ளும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் தேர்ந்துவிட்டால்? ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் முகவரி எண் ஒன்று உண்டு; பெரிய எண் உள்ளது விட்டுக்கொடுக்கும். வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் வானில் இந்த உடன்பாட்டுக்குள் ஒரு மனிதக் குரல் நுழைந்தது. டுபோலெவ் 154 விமானத்தை ஏறச் சொன்னது டிகாஸ். இறங்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். விமானிகள் இறங்கினார்கள். எதிரே வந்த போயிங் 757 தன் டிகாஸ் சொன்னபடி அதுவும் இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். இரண்டும் முரண்பட்டால் டிகாஸ் சொல்வதே செல்லும் என்று விதி ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டது அதன் பிறகுதான்.

எதிரே வருபவரின் டிரான்ஸ்பாண்டர் ஊமையாகிவிட்டால் மட்டும் இத்தனை கணக்கும் வீண். 2006-இல் பிரேசில் வானில் அதுதான் நடந்தது: ஒரு சிறிய ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் பதில் அனுப்பவில்லை, எதிரே வந்த போயிங் 737-இல் டிகாஸ் இருந்தும் எச்சரிக்கை ஒலிக்கவில்லை. அதில் இருந்த 154 பேரும் இறந்தார்கள்.