ரேகை வைக்க மறுத்த ஊர்

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போன 16 பேருக்கானது அது. அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. ஊரார் செய்த காரியம் ஒன்றுதான்: கைரேகை வைக்க மாட்டோம் என்றார்கள்.

1871-இல் வெள்ளைக்கார அரசு வடக்கே போட்டு, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்த குற்றப் பழங்குடியினர் சட்டத்துக்கு இந்தப் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றுதான் பெயர். அரசு அறிவித்த சமூகத்தில் பிறந்ததே குற்றத்துக்குச் சமம். பெயரைப் பதிய வேண்டும், ரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும், ராத்திரி போலீஸ் கண்ணெதிரே படுக்க வேண்டும். இதெல்லாம் பலரும் கேட்ட கதைதான். நான் சொல்ல வந்தது அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு சின்னப் பிரிவைப் பற்றி. ஒரு சமூகத்தை அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிக்கையே முடிவான சான்று என்று அதில் எழுதியிருந்தது. 'நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை' என்று கோர்ட்டில் போய் நிரூபிக்க இடமே இல்லை.

உரிமை எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தப் பூட்டிய கதவிலிருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும்.

பெரியாறு அணையில் தண்ணீர் கிடக்கிறது என்பதால் மேலூர் கடைமடை வயல் நனைந்துவிடாது. சுரங்கம், வைகை, கால்வாய், மடை என்று ஒவ்வொன்றும் திறந்திருக்க வேண்டும். மனித உரிமையும் அப்படித்தான். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது அணை நிரம்பியது மாதிரி. 'எல்லா ஆண்களும்' என்று படிக்கக்கூடிய முதல் வரியை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்ததில் நம் நாட்டுப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் பிரகடனத்தைக் காட்டி ஒரு தாசில்தாரைக்கூட அசைக்க முடியாது. வெளிநாட்டில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இங்கே தானாகச் சட்டம் ஆகாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 1993-ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 'இந்திய நீதிமன்றங்களால் நிறைவேற்றத்தக்க' உரிமைகளைத்தான் மனித உரிமை என்கிறது.

அப்படியானால் மடை எது? அரசியல் சாசனத்தின் 13, 32, 226 ஆகிய மூன்று பிரிவுகள். அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13. உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போகலாம் என்கிறது 32. உயர் நீதிமன்றம் அரசுக்கே கட்டளை இடலாம் என்கிறது 226; அந்தக் கட்டளைக்குத்தான் ரிட் என்று பெயர். ரேகைச் சட்டம் அடைத்து வைத்த கதவு இதுதான்.

இதன் வேலையைப் பார்க்க, அடைத்து வைத்த ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை எடுத்துக்கொள்ளலாம். பிடிபட்டவரே மனு போட வேண்டும் என்பதில்லை. அம்மா போடலாம், மனைவி போடலாம். மனு வந்துவிட்டால், எந்தச் சட்டப்படி அடைத்து வைத்திருக்கிறோம் என்று விளக்குவது அடைத்தவரின் பொறுப்பு. 'குண்டாஸில் போட்டுவிட்டார்கள்' என்கிறோமே, அந்த 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரோ கமிஷனரோ உத்தரவு போட்டால், விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அதற்கான ஆவணங்களின் நகலைக் கட்டாகக் கையில் கொடுப்பார்கள். அதில் ஒரு முக்கியமான பக்கம் படிக்க முடியாமல் மங்கியிருந்தாலே உத்தரவு ரத்தான வழக்குகள் உண்டு. ஜெராக்ஸ் சரியில்லை என்று ரவுடியை விடுவதா என்று டீக்கடையில் கோபப்படுவார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் பிரிவு 22(5) என்ன சொல்கிறது? காரணத்தைச் சொல்லி, மறுப்புச் சொல்ல வாய்ப்புக் கொடு என்கிறது. படிக்கவே முடியாத காகிதத்துக்கு எவன் மறுப்பு எழுதுவான்? விசாரணையே இல்லாமல் அடைக்கும்போது கைதிக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு வாய்ப்புத்தான். தடுப்புக் காவல் ரத்தானாலும் அசல் வழக்கு அப்படியேதான் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மடை இருந்தும் ஆரம்பத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தடுப்புக் காவலில் சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் வழக்கில், சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்க்க வேண்டியதில்லை என்றே 1950-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று மேனகா காந்தி வழக்கில் 1978-இல் மாறியது. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான, சாசனத்தின் 21-ஆம் பிரிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. படித்த விதம்தான் மாறியது.

தூரமும் ஒரு விஷயம். 2004 ஜூலை 24 வரை கன்னியாகுமரிக்காரர் ரிட் போட 700 கிலோமீட்டர் போல சென்னைக்குப் போக வேண்டும். மதுரை ஒத்தக்கடை பக்கம் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகுதான் தென்மாவட்டத்துக்காரருக்குப் பிரிவு 226 பஸ் டிக்கெட் காசுக்குள் வந்தது. அந்தக் கிளைதான் 2019-இல், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. 1955-இல் எழுதிய சொல் அது.

சரி, கடைமடை வரை பாய்ந்துவிட்டதா? இல்லை. அரசைத் தடுக்க ரிட் போதும். பக்கத்துத் தெருவைத் தடுக்கப் போதாது. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17 தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். ஆனாலும் ரேகைச் சட்டத்தில் நசுங்கிய அதே உசிலம்பட்டி வட்டாரத்தில், பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவி, ஊரில் எழுந்த எதிர்ப்பால் 1996 முதல் பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. அடிபட்டவர் அடிக்க மாட்டார் என்று எந்தச் சட்டப் புத்தகமும் உறுதி கொடுக்கவில்லை.

இனி வரப்போவதைப் பார்க்கலாம். ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது. 2022-இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்திருக்கிறது. பிறப்பை வைத்து அல்ல, கைதையும் தண்டனையையும் வைத்து. அது பெரிய வித்தியாசம். ரேகையோடு கருவிழி, விழித்திரைப் பதிவும் எடுக்கலாம், 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். மறுத்தால் குற்றம்.

ஆனால் இப்போது கேள்வி கேட்க இடம் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகு, இப்படிப்பட்ட சட்டத்தை உரைத்துப் பார்க்க மூன்று கேள்விகள் இருக்கின்றன. சட்டம் இருக்கிறதா? நோக்கம் நியாயமானதா? நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்கிறதா? மூன்றாவதில்தான் வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டப் போகிறார்கள். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால், மாஜிஸ்திரேட்டோ கோர்ட்டோ வேறு விதமாகச் சொல்லாத வரை பதிவை அழிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதற்குள் அது எத்தனை ஏஜென்சிகளின் கம்ப்யூட்டருக்குப் போனது, எல்லா நகலும் அழிந்ததா என்று யார் எண்ணிப் பார்ப்பது? பெருங்காமநல்லூர்க்காரர் பயந்தது காகிதத்தில் பதிந்த ரேகைக்கு.