ஒரு சதுர அடி கூடினால் பக்கம் எவ்வளவு கூடும்?

காட்பாடிப் பக்கம் முப்பதுக்கு முப்பதில் ஒரு மனை, 900 சதுர அடி. அது சதுரமாகவே இருந்து 901 ஆனால், பக்கம் எவ்வளவு நீளும்?

வர்க்கமூலத்தின் வகைக்கெழுவோடு, அதாவது ஒன்று துளி கூடும்போது அதன் வர்க்கமூலம் எந்த வீதத்தில் கூடும் என்பதோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அக்கா மகளிடம் இதைக் கேட்டேன். பிளஸ் ஒன் படிக்கிறாள். "அரை அடி வருமா மாமா?" என்றாள். வேலூர் வெயிலில் மனைக்குப் போய் அளக்க முடியாது. திண்ணையிலேயே சாக்பீஸால் சதுரம் போட்டோம்.

பழைய சதுரத்தின் இரண்டு பக்கங்களை ஒட்டி, ஆளுக்கு 30 அடி நீளத்தில் இரண்டு ஒல்லிப் பட்டைகள். கூடுதலான ஒரு சதுர அடி இந்த 60 அடி நீளத்திலும் பரவ வேண்டும். அப்படியென்றால் அகலம் 1/60 அடி, அதாவது சுமார் 5 மில்லிமீட்டர். டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தாலே காணாமல் போகிற அளவு!

பரப்பை ப என்று வைத்தால் பக்கம் √ப. இரண்டு பட்டைக்கும் சேர்த்து நீளம் 2√ப. ஆக வகைக்கெழு 1/(2√ப). எல்லோரும் மனப்பாடம் செய்யும் அந்த 2, இந்த இரண்டு பட்டைகள்தான்.

மூலையில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு துண்டை விட்டுவிட்டோமே? அதைத்தான் இயற்கணிதம் பார்த்துக்கொள்கிறது. கூடுதல் பரப்பு து என்றால், நமக்கு வேண்டியது (√(ப+து) − √ப)/து. நேராக து = 0 போட்டால் 0/0 என்று முட்டி நிற்கும். மேலும் கீழும் √(ப+து) + √ப ஆல் பெருக்குங்கள். மேலே து மட்டும் மிஞ்சும். கீழே விரித்து எழுதிவிடாதீர்கள், பலரும் மாட்டிக்கொள்வது அங்கேதான். து-வுக்குத் து அடிபட்டால் மிச்சம் 1/(√(ப+து) + √ப).

கீழே இருக்கும் இரண்டையும் பாருங்கள். √ப பழைய பக்கத்தின் நீளமுள்ள பட்டை. √(ப+து) மூலைத்துண்டையும் தன்னோடு சேர்த்துக்கொண்ட பட்டை. நம் மனைக்கு 1/(√901 + 30), துல்லியமான விடை. து சுருங்கி 0-வை நெருங்க, இரண்டு பட்டையும் ஒரே நீளமாகி 1/(2√ப) வந்துவிடுகிறது.

"மனையே இல்லைன்னா மாமா?" என்றாள். பரப்பு 0 என்றால் பட்டை ஒட்ட ஒரு பக்கமும் கிடையாது. சூத்திரமும் 1/0 என்று கையை விரிக்கிறது. சாக்பீஸை வாங்கி √ப வரைபடம் போட்டுக் காட்டினேன். 0-வில் அது செங்குத்தாகக் கிளம்புகிறது.