மடை திறப்பவரைக் கேட்காமல் எழுதிய நிரல்

காரைக்குடிப் பக்கம் கண்மாய்த் தண்ணீரைத் திறக்க வேண்டுமென்றால், முங்கி மடையைத் திறக்கத் தெரிந்த ஆளைத்தான் முதலில் தேடுவார்கள். எந்த மடையைத் திறந்தால் கடைசி வயலுக்கு எப்போது தண்ணீர் போய்ச் சேரும் என்ற கணக்கு அவர் தலைக்குள் இருக்கும், பதிவேட்டில் இருக்காது. நீர்த்தேக்க இயக்கத்துக்கான கணினி மாதிரிகளை உருவாக்கும் நான், இந்த ஊரில் பிறந்திருந்தும் அதை மறந்து ஒரு மாதிரியை எழுதினேன்.

வரத்து, திறப்பு, ஆவியாதல், கசிவு ஆகியவற்றை வைத்து இருப்பைக் கணக்கிடுவது மாதிரியின் எளிய பகுதி. எழுதி வைத்த விதிகளை ஏற்றுவதும் அப்படித்தான். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி, 66, 68.5, 69 அடிகளில் மூன்று வெள்ள எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. இவற்றை நிரலாக்க அரை நாள் போதும். அதன் பிறகு மிஞ்சும் 2 அடியில், வானத்தையும் வரத்தையும் பார்த்து இயக்குபவர் எடுக்கும் முடிவுகளை அவரிடம் கேட்காமல் எழுதவே முடியாது.

வேறொரு நீர்த்தேக்கத்தில், என் மாதிரியின் முடிவுகளை, ஷட்டர்களை இயக்கும் பணியாளரான மூத்த லஸ்கர் ஒருவரிடம் ஷட்டர் மேடையிலேயே காட்டினேன். ஊர்க்காரன் என்பதால் என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார்.

"தம்பி, மூணாம் நம்பரை ரெண்டடி தூக்கச் சொல்லுது. அது அரையடிக்கு மேல ஏறாது. திருகுத்தண்டு வளைஞ்சு கெடக்கு."

"கோப்புல அப்படி ஒண்ணும் இல்லையே அண்ணே?"

"எங்கிட்ட யாரு கேட்டு எழுதுனாங்க?"

அன்றே இன்னொன்றும் தெரிந்தது. நீர்மட்டத்தைக் காலை 6 மணிக்கு அளந்து அந்தத் தேதியில் எழுதுகிறார்கள். ஆகவே அன்றைய வரத்துக் கணக்கில் 18 மணி நேரம் முந்தைய நாளுக்குரியது. நானோ நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று எடுத்துக்கொண்டு, வெள்ளம் ஏன் பிந்தி வருகிறதென்று இரண்டு வாரம் மண் ஈரத்தைக் குறைகூறிக் கொண்டிருந்தேன்.

அவருக்கும் ஒரு மனக்குறை இருந்தது. நீர்மட்ட மாற்றத்தை வைத்துக் கணக்கிடும் வரத்து சில நாள்களில் பூஜ்யத்துக்குக் கீழே போனதற்கு, அளவைத் தவறாக எழுதியதாக மேலிடத்தில் அவரைக் கடிந்திருந்தார்கள். 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில், காற்றடித்த அலையால் அளவுகோலில் 1 சென்டிமீட்டர் பிசகினாலே 1 லட்சம் கன மீட்டர் மாறும். நாளொன்றுக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 41 கன அடி. கோடையில் மொத்த வரத்தே அவ்வளவு இருக்காது. இதைத் தாளில் போட்டுக் காட்டியதும், அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் உருவான ரிவர்வேர் மென்பொருளில், இயக்க விதிகள் நிரலுக்குள் புதைந்து கிடப்பதில்லை. அணையை நடத்துபவர்களே படித்துத் திருத்தும்படி தனியே எழுதப்படுகின்றன. நானும் இப்போது விதிகளைத் தமிழில் தனித்தாளில் எழுதி, லஸ்கரிடம் வாசித்துக் காட்டிய பிறகே நிரலைத் தொடுகிறேன்.

சென்ற ஐப்பசியில் அவரே போனில் கூப்பிட்டார்: "தம்பி, மூணாம் நம்பருக்குப் புதுத் தண்டு போட்டாச்சு. கம்ப்யூட்டர்ல அரையடியை எடுத்துருங்க."