ஃபேமிலி பாலிசி: தமிழில் என்ன சொல்லலாம்?

'ஃபேமிலி பாலிசி' என்றதும் தமிழ்க் காதில் முதலில் விழுவது காப்பீடுதான். 'பாலிசி எடுத்தாச்சா?' என்று கேட்டே பழகிவிட்டோம். சமூகவியலில் புழங்கும் ஃபேமிலி பாலிசி வேறு. யார் சம்பாதிப்பது, யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, வயதானவர்கள் யாரோடு இருப்பது என்று வீட்டுக்குள் எடுக்கப்படும் முடிவுகளை வெளியே இருந்து வளைக்கும் அரசின் ஏற்பாடுகளுக்கு அது பொதுப்பெயர்.

இரண்டு பாலிசிக்கும் எழுத்து ஒன்றுதான், வேர் வேறு. காப்பீட்டுப் பாலிசி, சான்று என்று பொருள்படும் கிரேக்க 'அப்போதெய்க்சிஸ்' இத்தாலியத்தில் 'போலிட்சா'வாகி வந்தது. அரசின் பாலிசிக்கு மூலம் நகரைக் குறிக்கும் கிரேக்கப் 'போலிஸ்'. போலீசும் பாலிடிக்ஸும் அதன் உறவுகள். ஃபேமிலியின் கதை இன்னும் சுவையானது. லத்தீனில் 'ஃபமுலஸ்' என்றால் பணியாள், அடிமை. அதிலிருந்து பிறந்த 'ஃபமிலியா', ஒரு தலைவனின் அதிகாரத்துக்கு உட்பட்ட வீட்டார் அனைவரையும், அடிமைகளையும் சேர்த்தே, குறித்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று பொருள் சுருங்கியது வெகுகாலம் கழித்துத்தான்.

இந்த விஷயத்தை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் ஸ்வீடனின் ஆல்வா மிர்தால், குன்னார் மிர்தால் தம்பதியர் முக்கியமானவர்கள். பிறப்பு விகிதம் சரிவதைப் பற்றி 1934-இல் எழுதிய அவர்கள், பிள்ளை பெறச் சொல்லி உபதேசிப்பதால் பயனில்லை, வளர்ப்புச் செலவில் சமூகம் பங்கேற்க வேண்டும் என்றார்கள். பின்னர் 1978-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஷீலா கேமர்மன், ஆல்ஃபிரட் கான் இருவரும் இக்கொள்கைகளை இரண்டாகப் பிரித்தார்கள்: குடும்பத்தை நேரடியாகக் குறிவைப்பவை, வேறு காரணத்துக்காக வந்து குடும்பத்தைத் தொடுபவை.

இரண்டாவது வகைதான் கவனிக்க வேண்டியது. ஜெர்மனியின் வருமான வரியைப் பாருங்கள். 1958 முதல் அங்கே தம்பதியர் இருவரின் வருமானத்தையும் கூட்டி, பாதியாக்கி, அந்தப் பாதிக்கு வரி கணக்கிட்டு, அதை இரட்டிப்பாக்கிக் கட்டலாம். இருவரும் ஆளுக்கு 40,000 யூரோ சம்பாதித்தால் இதனால் ஒரு லாபமும் இல்லை. ஒருவர் 80,000, மற்றவர் பூஜ்யம் என்றால், வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறுவதால், லாபம் மிக அதிகம். சரி, அந்தப் பூஜ்யம் வேலைக்குப் போனால்? முதல் யூரோவிலிருந்தே சலுகை கரையத் தொடங்கும். வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் மனைவி. 'நீ வீட்டிலேயே இரு' என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, வரிக் கணக்கு சொல்கிறது. ஸ்வீடனோ 1971-இல் தனித்தனி வரிக்கு மாறிவிட்டது.

நேரடி வகைக்கும் ஸ்வீடனே உதாரணம். மகப்பேற்று விடுப்பாக இருந்ததை 1974-இல் பெற்றோர் இருவருக்குமான விடுப்பாக்கினார்கள். தந்தையர் அதிகம் எடுக்கவில்லை. 1995-இல் ஒரு மாதத்தை ஒவ்வொருவருக்கும் என்று ஒதுக்கி, எடுக்காவிட்டால் போச்சு என்றதும் நிலைமை மாறியது. இன்று மொத்தம் 480 நாள், அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு மாற்றித்தர முடியாது. சீனாவில் 2015 வரை இருந்த ஒற்றைக் குழந்தைக் கொள்கை இன்னொரு முனை. அதன் விளைவாக வந்த குடும்ப வடிவத்தை 4-2-1 என்பார்கள்: நான்கு தாத்தா பாட்டிகள், இரண்டு பெற்றோர், ஒரு பிள்ளை.

இனி தமிழ். 'குடும்பநலக் கொள்கை' என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1977-இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் பெயரைக் குடும்பநலத் துறை என்று மாற்றியதிலிருந்து, குடும்பநலம் என்றாலே நமக்குக் கருத்தடைதான். அப்புறம், 'நலம்' என்பது முன்கூட்டியே மதிப்பெண் போட்டுவிடுகிறது. மேலே சொன்ன வரிமுறை யாருக்கு நலம் என்பதே வழக்காக இருக்கும்போது பெயரிலேயே தீர்ப்பு எதற்கு? 'குடும்பத் திட்டம்' என்பதும் குடும்பக் கட்டுப்பாட்டின் பக்கமே இழுக்கும்.

'குடும்பக் கொள்கை' போதும். கொள் என்ற வினையடியில் பிறந்த கொள்கை, ஒருவர் தமக்கென்று கொண்ட நெறியையும் குறிக்கும் என்பதால், 'எங்கள் குடும்பத்தின் கொள்கை' என்று யாராவது புரிந்துகொள்ளக்கூடும். முதல் முறை 'அரசின் குடும்பக் கொள்கை' என்று எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

இதோடு ஒட்டிவரும் இரண்டு சொற்கள்: பராமரிப்பு முழுவதையும் குடும்பத்தின் தலையிலேயே விடும் போக்கான 'ஃபேமிலியலிசம்', அதைத் தளர்த்தும் 'டிஃபேமிலியலைசேஷன்'. முன்னதைக் 'குடும்பச் சார்பு' எனலாம். பின்னதைச் சிலர் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் 'குடும்ப நீக்கம்' என்கிறார்கள், படித்தால் பயமாக இருக்கிறது. அரசு குழந்தைகள் காப்பகம் திறப்பதும், ஜப்பான் 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு கொண்டுவந்ததும் இந்த வகையில்தான் சேரும். குடும்பத்தை யாரும் நீக்கவில்லை. 'குடும்பச் சுமைக் குறைப்பு' என்றால் விஷயம் விளங்கும்.