முதல் வரியில் ஒரு விலாசம்

மண்டபத்தில் நண்டு வாடி நடத்தும் சித்தப்பாவுக்காக அவர் மகன் பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், எழுதினான். எந்தப் படகுக்கு எத்தனை கிலோ, என்ன விலை என்று கூட்டிச் சொல்லும். அவனுடைய விண்டோஸ் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடியது. வாடியிலிருக்கும் பழைய லினக்ஸ் கணினிக்கு மாற்றியதும், "அண்ணே, ஃபைல் கண்ணு முன்னாடி கிடக்கு, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது" என்று போன் செய்தான்.

கோளாறு முதல் வரியில். ஸ்கிரிப்டை இயக்கச் சொன்னதும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அதன் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்க்கும். அவை #! என்றிருந்தால், அடுத்து வருவது ஒரு விலாசம்: இதைப் படித்து நடத்தவேண்டிய நிரல் இருக்கும் இடம். 1980 ஜனவரியில் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸுக்கு இதைக் கொண்டுவந்தவர் டென்னிஸ் ரிட்சி. பைத்தானுக்கு # என்பது வெறும் குறிப்பு. அதனால் அந்த வரியை அது தாண்டிப் போய்விடும்.

விண்டோஸோ கோப்புப் பெயரின் வாலைப் பார்த்து நிரலைத் தேர்கிறது. அங்கே எழுதிய கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். அதையும் விலாசத்தோடு சேர்த்துப் படித்த லினக்ஸ், அந்தப் பெயரில் நிரலைத் தேடிக் கைவிரித்தது. இல்லாதது அவன் கோப்பு அல்ல, அந்த நிரல். பிழைச்செய்தி இதைச் சொல்லும் விதம் எனக்கு இன்றும் எரிச்சல்தான். எடிட்டரில் வரி முடிவை யூனிக்ஸ் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

விலாசத்திலும் சிக்கல் உண்டு. லினக்ஸில் பைத்தான் பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/பின் அடைவில் (ஃபோல்டரில்) இருக்கும், யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின். எனவே பலர் கதவு எண் எழுதாமல் 'என்வ்' என்ற சிறு நிரலின் விலாசத்தையும் பைத்தானின் பெயரையும் மட்டும் கொடுக்கிறார்கள். பாம்பனில் இறங்கி டீக்கடையில் ஆரோக்கியம் வீடு எது என்று கேட்பது மாதிரி. நிரல்களை எங்கெங்கே தேடவேண்டும் என்று சொல்லும் 'பாத்' பட்டியலிலுள்ள அடைவுகளில் வரிசையாகத் தேடி, முதலில் கிடைக்கும் பைத்தானை அது காட்டும். ஊரில் இரண்டு ஆரோக்கியம் இருந்தால் முதலாமவர் வீட்டில்தான் போய் நிற்போம்.

ஊருக்கு ஊர் கொண்டுபோகும் ஸ்கிரிப்டுக்கு என் ஓட்டு என்வ்வுக்கே. ஆனால் விடியற்காலை ஏலத்துக்கு முன் 'கிரான்' என்ற நேரம் பார்த்து வேலை நடத்தும் நிரல் தானாக இயக்கும் வேலைக்கு முழு விலாசம் எழுதச் சொன்னேன். கிரானிடம் இருக்கும் பாத் பட்டியல் மிகச் சிறியது. தம்பி தனியாக நிறுவியிருந்த பைத்தான் அதில் இல்லை.