அது அரைகுறை ஊசி அல்ல

நாய் கடித்த ஆறு வயது மகளுக்கு ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியில் முதல் ஊசி போட்டுச் சென்ற தகப்பன் மூன்றாம் நாள் வரவில்லை. செவிலியர் பலமுறை தொலைபேசியில் அழைத்த பிறகு ஒன்பதாம் நாள் வந்தார். ஏன் என்று கேட்டேன். "ஒரு பாட்டிலை ஐந்து பேருக்குப் பங்கு போடுகிறீர்களே டாக்டரம்மா, என் பிள்ளைக்கு அது எப்படிப் போதும்?" என்றார். இதே சந்தேகத்தில் இந்த மாதம் ஊசியைப் பாதியில் நிறுத்திய நான்காவது குடும்பம் இது.

இரண்டு தோள்களிலும் தோலுக்குள் 0.1 மி.லி. வீதம் நாங்கள் போடுவது பஞ்சத்துக்குப் பங்கிட்ட மருந்து அல்ல. அதுதான் முழு அளவு. தசையில் போட ஒரு குப்பி முழுவதும் வேண்டும். தோலுக்குள் இவ்வளவே போதும். தாய்லாந்தில் நாய்கடி பட்டவர்களுக்குப் போட்டு, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை அளந்து பார்த்து உறுதி செய்த முறை இது. உலக சுகாதார நிறுவனம் 1992-இல் பரிந்துரைத்தும், இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி ஒப்புதல் தந்தது 2006-இல்தான். இன்று தேசிய வழிகாட்டுதலிலும் இதுவே இருக்கிறது. மருந்தை மிச்சம் பிடிக்க யாரோ போட்ட கையெழுத்தா அது? குப்பிதான் பொது. ஊசி ஆளுக்கொன்று புதிது. கலந்த மருந்தை எட்டு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் வைத்திருப்பதும் இல்லை. ஊசி போட்ட இடத்தில் பருப்பளவு மேடு எழும்பினால் சரியாகப் போட்டிருக்கிறோம் என்று பொருள். அதைத் தேய்க்காதீர்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று இன்னும் பயமுறுத்தும் பாட்டிகள் இருக்கிறார்கள். செம்மறியாட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பே 2004-ஓடு நின்றுவிட்டது.

கடிபட்டதும் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். நாய்க்கு என்ன ஆகிறது என்று பத்து நாள் பார்த்துவிட்டு வராதீர்கள், அன்றே வாருங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தையும் கேட்டுப் பெறுங்கள். பிட்டத்தில் ஊசி போடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். இந்தத் தடுப்பூசி அங்கே போட்டால் பலன் குறையும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 என்ற நாட்களை அட்டையில் எழுதித் தருகிறோம். ஒரு நாள் தவறிவிட்டால் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தச் சிறுமிக்கும் அப்படித்தான் தொடர்ந்தோம். அடுத்த ஊசிக்குரிய தேதியை அவள் தகப்பனைக்கொண்டே உரக்கப் படிக்கவைத்து அனுப்பியிருக்கிறேன்.